பெரிய மாப்பிள்ளையின் வலது கால்

அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிய மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. மாப்பிள்ளைகள் இருவருக்கும் தலையும் நரைத்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

பெரிய மாப்பிள்ளை பெயருக்கேற்ற ஆள். குறுகலான கதவென்றால் ஒருக்களித்துத்தான் நுழைவார். பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு வேலை நேரம் பூராவும் ஈரத்தில் நிற்பார். சின்ன மாப்பிள்ளையோ ஒடிசலான ஆள். பேக்கரியின் ரொட்டி வேனை ஓட்டுகிறவர். சகலைகள் இருவரும் கல்யாணமான நாளிலிருந்தே ஒருவரை ஒருவர் சீண்டாமல் பேசியது கிடையாது.

"காத்தடிக்கிற நாள்ல சட்டைப்பையில ரெண்டு ரொட்டியை வச்சுக்கிட்டு நட சகலை. பறந்துடப் போற" என்பார் பெரியவர்.

"நீங்க பஸ்ஸைத் தேய்க்கவே வேணாம் சகலை. பக்கத்துல போய் நின்னாப் போதும். பயந்துபோய் அதுவே சுத்தமாயிடும்" என்பார் சின்னவர்.

கொஞ்ச காலமாக அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பெரிய மாப்பிள்ளை யாரையும் வீட்டுக்கு வரவிடுவதில்லை. மனைவியைப் பற்றி எப்போது கேட்டாலும், "உங்க அண்ணிக்கு மூட்டு வலி, படுத்திருக்கா" என்பார். போனில் கூப்பிட்டாலும் அவரே எடுப்பார். தங்கையின் மகன் படிப்பு முடித்து வேலைக்குப் போன சந்தோஷத்துக்குக்கூட அக்கா வந்து எட்டிப் பார்க்கவில்லை. தங்கைக்கு அது ஆறாத மனக்குறை. அவளைத் தூக்கி வளர்த்ததே அக்காதான். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் இரவு பகல் பாராமல் தைத்து, தங்கையைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தவள்.

"நாம கொஞ்சம் நல்லா ஆயிட்டோம்ல, அது அவங்களுக்கு உறுத்துது" என்று ஒரு நாள் சின்ன மாப்பிள்ளை சொல்லிவிட்டார். மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை.

டிப்போ கேன்டீனுக்கு ரொட்டி போடுவது சின்ன மாப்பிள்ளைதான். அன்று தட்டுகளை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியபோது, கழுவும் மேடைக்குப் பின்னால், சுள்ளென்று அடிக்கிற வெயிலில், பெரிய மாப்பிள்ளை சுவரோரமாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது. வலது காலில் பூட்ஸ் இல்லை.

"என்ன சகலை, வெயில்ல குளிர் காயிறீங்க?"

"ஒண்ணுமில்ல. லேசாக் காய்ச்சல். நீ உன் வேலையைப் பாரு."

சின்ன மாப்பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குனிந்து கால்சட்டையைத் தூக்கினார். கால் பாதத்திலிருந்து கெண்டைச்சதை வரை உப்பி, சிவந்து, மெழுகு தடவியதுபோல மினுமினுத்தது. கையை அருகே கொண்டுபோகும்போதே அனல் அடித்தது.

"இதுக்குப் பேரு லேசாவா?"

"தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு. ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்."

"அடங்குதா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும். எந்திரிங்க. நீங்களா எந்திரிச்சாத்தான் உண்டு, உங்களைத் தூக்க எனக்குக் கிரேன்தான் வேணும்."

காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே அவரை வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அதட்டாமல், அவசரப்படாமல் கேள்வி கேட்டாள்.

"கால்ல அடிகிடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லைங்க."

"கால் விரல்ல புண்ணு, வெடிப்பு?"

"என் கால் விரலை நான் பார்த்தே பல வருஷம் ஆச்சு டாக்டர்" என்று பெரிய மாப்பிள்ளை வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இவர் மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு."

டாக்டரம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையுறை மாட்டி, கடைசி இரண்டு விரல்களைப் பிரித்துப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறிப்போய், உள்ளே சிவப்பாக வெடித்திருந்தது.

"சேத்துப்புண். பூட்ஸுக்குள்ள ஈரம் காயாம வர்றது. கிருமி இந்த வெடிப்பு வழியாத்தான் உள்ள போயிருக்கு. இதுக்கு முன்னாடி இதே கால் இப்படி வீங்கியிருக்கா?"

பெரிய மாப்பிள்ளை சகலையைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு தடவை" என்றார்.

சின்ன மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போ? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ வந்து ரொட்டியால ஒத்தடம் கொடுப்பியா?"

டாக்டரம்மா காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை. சிவப்பே இல்லாத இடது காலிலும் அதே குழி.

"ரெண்டு கால்லயும் நீர் கோத்திருக்கு. நீங்க ராத்திரி படுத்துத்தானே தூங்குறீங்க?"

"ஆமா."

"கட்டில்லயா?"

"ஆமான்னுதான் சொல்றேனே."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "ராத்திரியெல்லாம் தொங்கப்போட்ட கால் மாதிரி இருக்கு, அதான் கேட்டேன். உடம்பு கனம், கால்ல நீர், விரலிடுக்குல புண்ணு, ஏற்கெனவே ரெண்டு தடவை வந்திருக்கு, இன்னிக்குப் பார்த்தா சுகரும் எட்டிப் பார்க்குது. ஒவ்வொரு தடவை வரும்போதும் உள்ள இருக்கிற நிணநீர்ப் பாதை கெட்டுப்போகும். அதனால அடுத்த தடவை இன்னும் சுலபமா வரும். படுக்கையில சேர்ந்துடுங்க. ஊசி மருந்து போட்டு, காலை உயரத் தூக்கி வச்சாத்தான் இறங்கும்."

"சேர முடியாது. மாத்திரை குடுங்க."

"சகலை, அவங்க சும்மாவா சொல்றாங்க?"

"எனக்கு வேலை இருக்கு."

"டிப்போ பஸ்ஸெல்லாம் ஒரு வாரம் அழுக்கா ஓடட்டும். யாரும் செத்துட மாட்டாங்க."

பெரிய மாப்பிள்ளை பிடிகொடுக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஓர் ஊசி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். பேனாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே சிவப்பு எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை சுற்றி ஒரு கோடு போட்டாள். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்துடணும். காலைத் தொங்கப்போடவே கூடாது. புரியுதா?"

"புரியுது" என்றார். புரிந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் சின்ன மாப்பிள்ளைக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, அவர் இறங்கக் கை கொடுத்தார். பெரிய மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே போய், கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உடம்பால் அதை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து, "யாரு அது?" என்று அண்ணியின் குரல் கேட்டது.

"நான்தான் அண்ணி."

"நீ போ சகலை. வண்டியில ரொட்டி காஞ்சிடும்."

"ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க விடமாட்டீங்களா?"

"இன்னொரு நாள் பார்க்கலாம்."

கதவு மூடிக்கொண்டது. சின்ன மாப்பிள்ளை வேனைக் கிளப்பியவர் வீடு போய்ச் சேரும்வரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனார். அன்று மாலை மனைவியிடம், "உன் அக்கா வீட்டு வாசப்படியை இனிமே நான் மிதிக்க மாட்டேன்" என்றார். காலைப் பற்றியும் சொன்னார். ஆனால் கோபத்தைச் சொன்ன அளவுக்குக் காலைச் சொல்லவில்லை. தங்கை போன் செய்தாள். பெரிய மாப்பிள்ளையே எடுத்து, "இப்பத் தேவலை" என்றார்.

அந்த வாரக் கடைசியில், விடிந்ததும் விடியாததுமாக முதல் நடை ரொட்டியை ஏற்றிக்கொண்டு சின்ன மாப்பிள்ளை போய்க்கொண்டிருந்தார். பெரிய சாலைகள் சந்திக்கிற இடத்தில், லாரிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போவது தெரிந்தது. சாலை நடுவே ஒரு பெண். நைட்டி, தோளில் கைப்பை, காலில் செருப்பில்லை. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தவர், முகத்தைப் பார்த்ததும் வேனை நட்டநடுச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

"அண்ணி, இங்க என்ன பண்றீங்க?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். பிறகு மரியாதையாகச் சிரித்தாள். "நீங்க ரொட்டிக்காரர்தானே? நல்லதாப் போச்சு. என்னை எங்கம்மா வீட்டுல இறக்கிவிட்டுடுங்க. வழியை மாத்தி வச்சுட்டாங்க."

முப்பது வருஷமாக அவருக்குச் சாப்பாடு போட்ட கை, அவர் வேனின் கைப்பிடியை எப்படித் திறப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது. அவரே கதவைத் திறந்து உட்காரவைத்தார். வழியெல்லாம் அவள் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். உள்ளே ஒரு நூல்கண்டும் இரண்டு கரண்டிகளும் இருந்தன.

வீட்டுக் கதவு விரியத் திறந்துகிடந்தது. வாசலை ஒட்டி உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்திருந்தது. அதன் பக்கத்தில், தரையில், பெரிய மாப்பிள்ளை குப்புற விழுந்துகிடந்தார். உடம்பு கொதித்தது. கூப்பிட்டதற்கு முனகினார். லுங்கி விலகியிருந்த காலைப் பார்த்ததும் சின்ன மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. பேனாக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. சிவப்பு அதைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, தொடைக்கு ஏறியிருந்தது. கெண்டைச்சதையில் ஊதாவும் கறுப்புமாகக் கொப்புளங்கள். ஒன்று உடைந்து, பாத்திரம் கழுவிய தண்ணீர்போல ஏதோ வழிந்திருந்தது.

அண்ணி அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். "இவரை யாராவது எழுப்புங்களேன். வழியில படுத்திருக்காரு" என்றாள்.

சத்தம் கேட்டு மாடி வீட்டு அம்மா இறங்கி வந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை, அழுதுகொண்டே அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். பகலில் அண்ணி சும்மா இருப்பாள். மாடி வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து துணி மடிப்பாள், மடித்ததைக் கலைத்து மறுபடி மடிப்பாள். பொழுது சாய்ந்தால்தான் ஆரம்பிக்கும். அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைத் தேடுவாள். ஒரு தரம் லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியைக் கதவோடு சேர்த்துப் போட்டு, அதிலேயே உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் சின்ன மாப்பிள்ளை.

"நாளா? வருஷம் ஒண்ணுக்கு மேல ஆச்சு தம்பி. படுத்து நான் பார்த்ததே இல்ல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான் இருந்தாள். காலைப் பார்த்ததும் ஆளை உள்ளே தள்ளச் சொன்னாள். வெளியே வந்து பேசும்போது அவள் குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. கிருமி தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட்டது, சதை உள்ளேயே புரையோடிச் செத்துக்கொண்டிருக்கிறது, ரத்தத்திலும் கலந்துவிட்டது, காலை எடுத்தால்தான் ஆளைப் பார்க்கலாம், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

"அவரு நாற்காலியில உக்காந்தேதான் தூங்கியிருக்காரு டாக்டர்" என்றார் சின்ன மாப்பிள்ளை. அதைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"அன்னிக்கே தெரிஞ்சுது" என்றாள் அவள். "ஏன்னுதான் தெரியல. ஏன்னு இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

அறுவைக்குக் கொண்டுபோகுமுன் பெரிய மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. உதடு வெடித்திருந்தது. சகலையை அடையாளம் கண்டுகொண்டதும், "அவ?" என்றார்.

"எங்க வீட்டுல இருக்காங்க. உங்க கொழுந்தியா பக்கத்துலயே உக்காந்திருக்கா."

"தெரிஞ்சுபோச்சா அவளுக்கு?"

"தெரியாம எப்படி சகலை? எதுக்கு இப்படி மூடி மறைச்சீங்க?"

பெரிய மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "உங்க அண்ணிக்கே தன் மறதி கொஞ்சம் கொஞ்சமாப் புரிய ஆரம்பிச்சப்ப, ஒரு நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் வளர்த்த புள்ள என் தங்கச்சி, அவ முன்னாடி நான் அசடா நிக்கக் கூடாது, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னா. சரின்னுட்டேன்."

"ஒரு பூட்டு போட்டிருக்கலாமே."

"போட்டேன். அவ ரூமுக்கு வெளியில தாழ்ப்பாள் வச்சேன். கதவை அடிச்சு அடிச்சு நகமெல்லாம் ரத்தம். மிருகத்தைப் போட்டு அடைச்ச மாதிரி இருந்துச்சு. கழட்டிட்டேன். நான் உக்காந்தாப் போதும்னு தோணுச்சு. என்னைத் தாண்டி யாரு போவா?" லேசாகச் சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. "இந்த உடம்பு அதுக்காவது ஒதவட்டுமேன்னுதான்."

சின்ன மாப்பிள்ளைக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லவேண்டும்போல இருந்தது. முப்பது வருஷப் பழக்கம். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

காலைத் தொடை நடுவிலேயே எடுத்தார்கள். பிறகு இன்னொரு தரம் உள்ளே கொண்டுபோய், கொஞ்சம் மேலே எடுத்தார்கள். பல நாள் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல முடியாமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

தங்கை ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் காலடியில் நின்றாள். காலடி என்று சொல்ல அங்கே ஒரு கால்தான் இருந்தது. அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"முறை போட்டுப் பார்த்திருப்போம் அத்தான். ஒரு ராத்திரி நீங்க, ஒரு ராத்திரி நான், ஒரு ராத்திரி இவரு. அவ்வளவுதானே? அவ எனக்கும் அக்காதானே?"

"அவ சொல்ல வேணாம்னா."

"அவளுக்கு அப்படிச் சொன்னதே மறந்துபோயிருக்கும். உங்களுக்கு மறக்கலையாக்கும்."

பெரிய மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கைக்கு அந்தக் கோபம் ஆறவேயில்லை. அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், முதுகு துடைப்பாள், கோபமாகவே செய்வாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சின்ன மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டாள். மீதி இருக்கிற காலும் அதே உடம்பில் இருக்கிற கால்தான், அதே சர்க்கரைதான், அதே நீர்தான் என்றாள். தினமும் விரலிடுக்கைக் கழுவிச் சொட்டு ஈரமில்லாமல் துடைக்கவேண்டும், வெடிப்பு தெரிந்தால் களிம்பு போடவேண்டும், காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கவேண்டும். "அவரால குனிஞ்சு பார்க்க முடியாது. யாராவது ஒருத்தர் பார்த்தே ஆகணும்."

"நான் பார்த்துக்கிறேன்" என்றார் அவர்.

பெரிய மாப்பிள்ளையை வேறெங்கே கொண்டுபோவது? சின்ன மாப்பிள்ளையின் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அக்காளும் தங்கையும் உள்ளே ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டைகளை ஊன்றிக்கொண்டு, சகலையின் தோளில் பாதிப் பாரத்தைப் போட்டுக்கொண்டு, பெரிய மாப்பிள்ளை வாசலைத் தாண்டினார். மடித்துக் குத்தியிருந்த கால்சட்டை அசைந்தது.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளிறியது. எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, அத்தான் வந்திருக்காரு பாரு."

"அந்த ஆளை வெளியில போகச் சொல்லு. காலைக் காணோம் அவருக்கு. என் காலை எடுத்துக்குவாரு."

"உன் வீட்டுக்காரர்தான் அக்கா."

அவள் கேட்கவில்லை. தங்கையின் கையை உதறிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து அவளைக் கிளப்பப் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். அவர் குரல் கேட்டால் ஒன்றுமில்லை. கண்ணில் பட்டால்தான் நடுங்கினாள், சாப்பிட மறுத்தாள். மூன்றாம் நாள் பெரிய மாப்பிள்ளையே சொன்னார்.

"சகலை, பின்னாடி அந்தச் சாமான் ரூம் சும்மாத்தானே கெடக்கு?"

"அங்க காத்தே வராதே."

"கட்டிலை அங்க போட்டுடு. அவ கண்ணுல படாம இருந்தாச் சரி."

பழைய ரொட்டித் தட்டுகளையும் ஓட்டை வாளிகளையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சின்ன மாப்பிள்ளை கட்டிலை அங்கே கொண்டுபோனார். குறுகலான கதவு. கட்டிலைச் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது. ஆளையும் அப்படித்தான்.

அன்றிலிருந்து மாலை நடை முடிந்து வந்ததும் சின்ன மாப்பிள்ளைக்கு முதல் வேலை அதுதான். ஒரு பேசினில் வெந்நீர், துண்டு, களிம்பு. இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். முதலில் பெரிய மாப்பிள்ளை கூச்சத்தில் நெளிந்தார். பிறகு பழகிவிட்டது.

"என்ன இருக்கு அங்க? வெடிச்சிருக்கா?"

"ஒண்ணுமில்ல. பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போகலாம், அவ்வளவு அழகா இருக்கு."

"கட்டிக்கப் போறவ ஒத்தைக் காலோட என்ன பண்ணுவா?"

இப்படி ஏதாவது பேசுவார் பெரியவர். பிறகு, பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல, "இன்னிக்குக் கேட்டாளா?" என்பார்.

முதல் நாள் அதற்குச் சின்ன மாப்பிள்ளை, "கேட்டாங்க. டிப்போவுல இருந்து இன்னும் வரலையான்னாங்க" என்று சொல்லிவைத்தார். மறுநாளும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். ஒரு நாள் சாப்பிட்டாரா என்று கேட்டதாக, இன்னொரு நாள் மழையில் நனைகிறாரோ என்று கவலைப்பட்டதாக. அன்று மழையே இல்லை. பெரிய மாப்பிள்ளை எதையும் மறுத்துக் கேட்கவில்லை.

அண்ணி ஒரு நாளும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்தால் அம்மாவைத்தான் கேட்டாள். தங்கை அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாசற்கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டேயிருப்பாள். அந்தக் காலடிச் சத்தம் சாமான் அறைக்கு நன்றாகக் கேட்கும்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மாலை, துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் வெளுத்திருப்பது சின்ன மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது. விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். மயிரிழைபோல ஒரு வெடிப்பு. கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்தது.

"என்ன சகலை?"

"வெடிக்க ஆரம்பிச்சிருக்கு. காலையில டாக்டரம்மாகிட்டப் போறோம். வேலை இருக்கு, அது இதுன்னா கொன்னுடுவேன்."

"எனக்கென்ன வேலை" என்றார் பெரிய மாப்பிள்ளை. கூடத்தில் அண்ணி நடக்கிற சத்தம் போயிற்று, வந்தது. "இன்னிக்குக் கேட்டாளா?"

சின்ன மாப்பிள்ளை களிம்பை விரலில் எடுத்தவர் அப்படியே இருந்தார். நாள் பூராவும் வண்டி ஓட்டிய களைப்பு. வேறொரு பொய்யை யோசிக்க அவருக்குத் தெம்பில்லை.

"இல்ல சகலை. கேட்கல."

பெரிய மாப்பிள்ளை மேலே கூரையைப் பார்த்தபடி, "சரி" என்றார். பிறகு அவர் களிம்பு போட வசதியாகக் கால் விரல்களைக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தார்.